கறுப்பு கசிந்த படம்

மாமா,

ஸ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோவைக் காலி செய்ய இன்றுதான் எங்களுக்கு மனம் வந்தது. இருட்டறைக் கதவைத் திறந்ததும் ஹைப்போ மருந்து வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜருக்குக் கீழே, கறுப்புத் துணி சுற்றிய ஒரு வளையம். அதில் நைலான் காலுறையை இழுத்துக் கட்டியிருந்தீர்கள். அதைக் கண்டதும் எனக்குப் பழைய கோபம்தான் முதலில் வந்தது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாதாம். உங்கள் கொழுந்தியாளுக்கு அதெல்லாம் வராது, உங்களுக்கே தெரியும்.

அக்கா இறந்தபோது உங்கள் மகள் ஸ்டெல்லா இன்னும் பால்குடி மறக்கவில்லை. உங்களுக்குத் தண்டலத்தில் இரண்டாவது பெண் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்ற அம்மா போட்டது ஒரே நிபந்தனை. மூத்தவளின் பொருள் ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் படம் எடுத்த உங்கள் வீட்டில் அக்காவுக்கு உருப்படியாக ஒரு படம் கிடையாது. கேமராவைக் கண்டாலே ஓடிவிடுவாள். கல்யாணப் படத்திலும் குனிந்த தலையும் முக்காடும்தான். இதுதான் உன் அம்மா என்று ஸ்டெல்லாவுக்குக் காட்ட, அவள் புழங்கிய பொருள்கள்தான் மிச்சம்.

மூக்குக் கண்ணாடியையாவது வாங்கிவிடலாம் என்று மண்ணூரிலிருந்து ஓடி வந்தேன். அதற்குள் அக்காவின் பொருள் மூட்டை கன்னியர் மடத்து அநாதை இல்லத்துக்குப் போய், யார் யாருக்கோ பிரித்துக் கொடுத்தாகிவிட்டது.

"எல்லாத்தையும் குடுத்துட்டேன் லூர்து. ஆனா படம் புடிச்சி வெச்சிகீறேன்" என்றீர்கள்.

"எங்க, காட்டுங்க."

"இரு, இப்பத்தான் பிரிண்ட் போடப் போறேன். வெளிநாட்டுப் பத்திரிகைல பழம், கிண்ணம் எல்லாத்தையும் சுத்தி வெளிச்சம் பூத்தா மாதிரி கீதுல்ல? அப்டி. உங்க அக்கா பொருளு ஒளியா தெரியணும்."

சிவப்பு விளக்கின் கீழ் அந்த வளையத்தை லென்ஸுக்கு அடியில் பிடித்து மெல்ல ஆட்டினீர்கள். ஏதோ பூசை செய்வதுபோல இருந்தது. காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டதும் படம் எழுந்து வந்தது. ஆனால் ஒளி வரவில்லை. கத்தரிக்கோலின் கறுப்பும் ஜெபமாலையின் கறுப்பும் வெள்ளை விரிப்பில் கசிந்து பரவின. மூக்குக் கண்ணாடி அந்தப் புகையில் முழுகிவிட்டது.

"நெருப்பு புடிச்ச வூட்டுல எடுத்தா மாதிரி கீது" என்றேன்.

அப்போதுதான் எனக்கு வேறொரு பயம் வந்தது. அம்மைத் தழும்புள்ள பெண்களைப் படம் எடுக்கும்போது கேமரா முன்னால் கண்ணாடி வைத்து தழும்பு மங்கித் தெரிய வாசலின் தடவுவீர்களே!

"எடுக்கும்போது எதுனா தடவுனீங்களா மாமா?"

"ஞாபகம் இல்ல லூர்து."

தடவியிருந்தால் ஃபிலிமே மங்கல். திரும்ப எடுக்கலாம் என்றால் பொருள் இல்லை. அடுத்த அறையில் ஒன்றும் அறியாமல் ஸ்டெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். காகிதப் பெட்டியை மூடிவிட்டு வெள்ளை விளக்கைப் போட்டீர்கள். நெகட்டிவை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தீர்கள். நான் அதைப் பிடுங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருந்ததில் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியின் காம்பு தெரிந்தது. உடைந்த இடத்தில் அக்கா நூல் சுற்றியிருந்தாளே, அந்தச் சுற்றும் முடிச்சும் பளிச்சென்று இருந்தன.

"தெரியுது மாமா. முடிச்சுகூட தெரியுது."

கல்லறையில்கூட அழாத நீங்கள் அன்று ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதீர்கள்.

ஒளி பூக்க வேண்டுமானால் படம் எடுக்கும்போதே துணியைக் கேமரா முன்னால் பிடிக்க வேண்டும், பிரிண்டில் பிடித்தால் கறுப்புதான் கசியும் என்று பிற்பாடு நீங்களே கண்டுபிடித்துச் சொன்னீர்கள். படம் எடுத்த அன்றைக்கே அது தெரிந்திருந்தால் ஃபிலிமே பாழ். உங்கள் அறியாமைக்காக நான் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றியது உங்களுக்குத் தெரியாது. வளையம் பிடிக்காமல் போட்ட பிரிண்டைத்தான் ஸ்டெல்லா இன்றும் வைத்திருக்கிறாள். அந்த முடிச்சை விரலால் தடவித் தடவி அந்த இடமே பழுப்பேறிவிட்டது.

இன்று வளையத்தைக் குப்பையோடு போடப் போனேன். நீங்கள் இரண்டாவதாகக் கட்டிய தண்டலத்துக்காரி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"வாணாங்க்கா. தொழில் சாமான், யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிகினே இருப்பாரு."

அப்படி என்ன தொழில் சாமான் என்று கறுப்புத் துணியைப் பிரித்தேன். உள்ளே அக்காவின் பூத்தையல் வளையம். திருகாணி தொலைந்துபோய், அவள் தன் கொண்டை ஊசியை வளைத்துச் செருகியது அப்படியே இருந்தது. எல்லாத்தையும் குடுத்துட்டேன் என்றீர்களே, பொய்யா மாமா!

தண்டலத்துக்காரி ஊசியைத் தொட்டுக் காட்டினாள்.

"தெரியும்க்கா. துணி நைஞ்ச எடத்துல ஊசி எட்டிப் பாக்கும். கல்யாணமான புதுசுலயே பாத்துட்டேன். எங்கம்மாகிட்ட சொல்லல."

வாசலில் ஷிப்ட் முடிந்து ஸ்டெல்லா வந்து நின்றாள். நைலான் இன்னும் இறுகியிருந்த வளையத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து அவளைப் பார்த்தேன். அவள் தலையைச் சுற்றி வெயில் பூத்திருந்தது.

"இன்னா சித்தி அப்டி பாக்கிற?"

"உங்கப்பா பாக்க ஆசப்பட்டத."

வளையத்தைத் தண்டலத்துக்காரி வாங்கிக்கொண்டுபோய், வீட்டுக் கூடத்தில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள். கறுப்புத் துணியை நான் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். இனி அந்த வீட்டில் அதற்கு வேலை இல்லை.

லூர்து