மேல் லயத்தின் படித்திறன்

அன்புள்ள மதினி, என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு என்னையும் சேர்த்துச் சுமந்தவரே,

பாஸாகிவிட்டேன். நாற்பத்தாறு வயதில், நான்காம் தடவையாக எழுதி, சாதாரண தரப் பரீட்சையின் கணிதத்தில் ஒரு ‘எஸ்’. அதற்குக் கீழே ஃபெயில்தான் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டேன். இது மட்டும் வராவிட்டால், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர் வேலை வேறொருத்திக்குப் போயிருக்கும். நான் கடைசிவரை அங்கே மூக்குத் துடைத்துவிடுகிற ஆயாதான்.

தண்ணீர் கொட்டுகிற பீலியடியில், துவைக்கிற கல்லில் சவர்க்காரத்தால் இரண்டு கோடு போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று y = x + 9, மற்றது y = 3x + 1. எதன் படித்திறன் கூட, எது செங்குத்தாக ஏறுகிறது என்று கேட்டீர்கள். ஒன்பதுதானே பெரிது, மேலேயிருந்து தொடங்குகிற கோடுதான் என்றேன்.

“ஏன் பிள்ள, மேல் லயத்துல குடியிருந்தா ஒனக்கு மட்டும் மல செங்குத்தா?”

“பின்ன? நாங்க ஒசரத்துல இருக்கோம்ல.”

“ஒசரம் வேற, ஏத்தம் வேற. எந்த லயத்துல இருந்து கெளம்புறன்னு யாரு கேட்டா? ஒரு எட்டு வச்சா எத்தன ஏறுறன்னு பாரு. அது எக்ஸுக்கு முன்னால நிக்கிற நம்பரு. ஆனா மொதல்ல வையைத் தனியா நிப்பாட்டு.”

துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மேல் லயத்து வீட்டு வரிசைப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை, என் கட்சி.

பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போது நெஞ்சு வலி என்று ஒரேயடியாகப் போய்விட்டீர்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது, இனி யார் சொல்லித் தருவார்கள் என்று. இப்படியொரு சுயநலக்காரியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

வினாத்தாளில் 2y = 6x + 8. படித்திறன் காண்க. கை எட்டை எழுதப் போனது. அடக்கினேன். ஆறை எழுதப் போனது. வை தனியாக நிற்கவில்லையே, இரண்டாக அல்லவா நிற்கிறது? எல்லாவற்றையும் இரண்டால் வகுத்தேன். மூன்று என்று எழுதிவிட்டு, என் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் மூக்கைச் சிந்தினேன். மேற்பார்வையாளர் தடிமன் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போனில் வந்த பெறுபேற்றை அண்ணனிடம் காட்டினேன்.

“அவ பாஸாயிட்டா” என்றார்.

எழுதியது நானாக்கும் என்று சொல்ல வாய் துடித்தது. அதிசயமாக, பேசாமல் இருந்தேன்.

நானே தனியாகப் படித்துத் தேறியதாக இதுவரை மூன்று பேரிடம் அளந்திருக்கிறேன், மதினி. திங்கட்கிழமை பொறுப்பேற்பதற்குள் மூன்று வாசலுக்கும் போய் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வருவேன். சத்தியம்.

இனி யாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது என்று தெரியாத,
உங்கள் நாத்தனா