எறவாரத்தில் நின்ற கால்கள்

1963 ஜூலை 8, திங்கள்
விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. வாங்க: சோப்பு, ஊக்கு, மண்ணெண்ணெய்.

எட்டாம் வகுப்புப் பாடத்தில் 'ஈவ்ஸ்டிராப்பர்'. ஒட்டுக்கேட்கிறவன் என்று சொல்லி முடித்தேன். ஒரு பெங்காலிப் பெண் விடவில்லை. ஈவ்ஸ்னா கூரை ஓரமாச்சே, அதுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்னு இந்தியில் கேள்வி. "கல் பதாவூங்கி", நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். சனியன், நல்ல கேள்வி.

பள்ளி விட்டதும் ரா. வகுப்பறைக்கே வந்தார். வயர்லெஸ் ஆபரேட்டர், தெலுங்கு, என்னுடையவர். இங்கே மட்டும்தான் அப்படி எழுதலாம். வியாழக்கிழமை போட். போர்ட் பிளேர் கோயிலில் தாலி. தகரக் கூரையில் மழை, பக்கத்தில் இருப்பவரிடமே கத்த வேண்டியிருந்தது.

அண்ணனுக்குத் தெரிந்தால் அடுத்த மெட்ராஸ் கப்பலில் ஏற்றிவிடுவார். ஊரில் கட்டிவைக்க மாமா மகன் தயார்.

ஜூலை 9, செவ்வாய்
மழை. டிக்‌ஷனரி பார்த்தாச்சு. எறவாரத் தண்ணீர் சொட்டும் இடத்துக்குத்தான் முதலில் அந்தப் பேராம். அங்கே நின்று வீட்டுப் பேச்சைக் கேட்பவனுக்குப் பிறகு வந்ததாம். அந்தக் காலத்தில் தண்டனையும் உண்டாம்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போனேன். சொட்டுச்சொட்டாய்க் குழி வரிசை. அதற்கும் பலகைச் சுவருக்கும் நடுவே ஒரு முழம் நனையாத மண். நாங்கள் பேசிய அறை ஜன்னலுக்கு நேர் கீழே இரண்டு பாதச் சுவடு. வெறுங்கால். சின்னது. மெட்டி அழுந்திய தடம்.

யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணி சாவகாசமாக: "வியாழக்கிழமை போட்ல கூட்டமா இருக்குமாம்ல?"

"யார் சொன்னா?"

"காதுல விழுந்துச்சு."

அண்ணன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. நான் அண்ணியின் காலைப் பார்த்தேன். அதே அளவு, அதே மெட்டி. எனக்கும் அவங்களுக்கும் என்றைக்குமே அளவான பேச்சுதான். ஆனால் இப்படி வேவு பார்ப்பாங்கன்னு நினைக்கலை. சொல்லிட்டாங்களா, இனிமேல்தானா? தூக்கமில்லை.

ஜூலை 10, புதன்
மழை விடவில்லை. வராதீர்கள் என்று ஆள் அனுப்பியும் ரா. வந்து நின்றார். டிக்கெட் ஆச்சாம். போங்கள், போங்கள் என்கிறேன். அதற்குள் வெளியே அண்ணன் குரல்.

"சரசு, இங்க என்ன பண்ற? கமலா உள்ளயா?"

"அவ அப்பவே வீட்டுக்குப் போயிட்டா. நான் மழைக்கு ஒதுங்கினேன். குடை இருக்குல்ல, வாங்க."

அண்ணியின் குரல், சுவரை ஒட்டி. நான் பலகையில் காதை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு. இப்போது ஒட்டுக்கேட்டது நான்தான். இரண்டு பேரும் போகும் சத்தம் தேய்ந்தது.

பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நேற்றுப் பார்த்த தடத்தின் மேலேயே புதுத் தடம். நேற்று மெட்டியைத்தான் பார்த்தேன், மடச்சி, கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று பார்க்கவில்லை. ஒட்டுக்கேட்பவள் சுவரைப் பார்த்து நிற்பாள். இரண்டு தடத்திலும் சுவர்ப் பக்கம் இருப்பது குதிகால். விரல்கள் அண்ணன் வந்த பாதையைப் பார்த்து.

இரண்டு நாளும் காவல்.

ஜூலை 11, வியாழன். போட்டில்
மழை வெறித்திருக்கிறது. அண்ணன் மர டிப்போவுக்குப் போன பிறகு அண்ணி ஒரு பொட்டலம் தந்தாங்க.

"போட்ல வாந்தி வரும். எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன்."

காலில் விழுந்தேன். மெட்டியில் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"எந்திரி. போட் ஊதியாச்சு."