வெந்நீர்க் கை

ஷாங்காய்
1974 நவம்பர் 3

அன்புள்ள சுய்யுன்,

கோழி கிளறிய மாதிரி எழுத்து என்று திட்டாதே. இடது கையால் எழுதுகிறேன். போன மாதம் பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரம் என் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிவிட்டது. பயப்படாதே, டாக்டர்கள் விடிய விடிய உட்கார்ந்து தைத்து ஒட்டிவிட்டார்கள். சிவப்பாக, சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டால் ஒன்றும் தெரிவதில்லை. நரம்பு நத்தை வேகத்தில்தான் வளருமாம்.

பிப்ரவரியில் வரும் நம் புத்தாண்டுக்கு அங்கே வர முடியாது. நீயும் வராதே. வருடம் முழுக்க ஏங்கி வாங்கும் பன்னிரண்டு நாள் விடுப்பு, இந்த மரக்கையைப் பார்க்கவா?

உன் பாவ்கென்

ஹுசோ
நவம்பர் 17

பாவ்கென்,

அன்புள்ள என்று எழுத மனம் வரவில்லை. கை போய், ஒட்டி, எல்லாம் முடிந்தபின் சொல்கிறாய். நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?

என் கை மட்டும் என்ன வாழ்ந்தது? பட்டாலையில் பட்டுப்புழுக் கூடு வேகும் தொட்டியில் ஊறி ஊறி வெந்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. “இது கையா, வெந்நீர்ப் பையா?” என்று குளிரில் உன் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொள்வாயே, மறந்துவிட்டாயா?

வாய் தைத்த பை ஒன்று அனுப்புகிறேன். பிரிக்காமல் தடவிப் பார்த்து, உள்ளே என்ன என்று எழுது.

சுய்யுன்

ஷாங்காய்
டிசம்பர் 8

அன்புள்ள சுய்யுன்,

பட்டாணி என்றேன். பக்கத்துக் கட்டில் படகுப்பட்டறைக்காரர், “என்னய்யா, தடவச் சொன்னா ஜோசியம் சொல்றே?” என்று சிரித்தார். டாக்டர் ஷென் அம்மாளோ, “ஊகிக்காதீங்க, தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க” என்றார். பிரித்தால் என் கல்யாணச் சட்டைப் பொத்தான்.

நேற்று விரல் கெட்டிலில் பட்டிருக்கிறது. தோல் கருகிய வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. உனக்கு முப்பதுகூட ஆகவில்லை. என்னை விட்டு விலகிக்கொள். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

பாவ்கென்

ஹுசோ
1975 ஜனவரி 20

விலகுவதாம்! உன் புத்தியும் அந்த மணிக்கட்டில்தான் இருந்ததா, சேர்ந்து அறுந்து விழ? விடுப்பு கிடைத்துவிட்டது. படகேறி வருகிறேன்.

சுய்யுன்

ஷாங்காய்
பிப்ரவரி 26

அன்புள்ள சுய்யுன்,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ இல்லாமல் இங்கே எதுவும் ஓடவில்லை. நீ வந்து சேர்ந்த அன்று ஏன் அழுதேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வாயால் சொல்ல வரவில்லை.

கண்ணை மூடச் சொல்லி, வெந்நீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயையும் குளிர்நீர் ஊற்றியதையும் டாக்டர் மாற்றி மாற்றி உள்ளங்கையில் வைப்பார். ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை. அன்று ஏதோ பட்டது. “பச்சைத் தண்ணி!” என்று கத்தினேன். வார்டே சிரித்தது. கண் திறந்தால், உன் கை.

ராத்திரி முழுக்கப் படகின் மேல்தட்டில் பனியில் நின்று வந்த கை. உன் கை குளிர்ந்து நான் தொட்டதே இல்லையே, எப்படித் தெரியும்? பதில் தப்புதான். ஆனாலும் டாக்டர், “தெரிஞ்சிருச்சு” என்றார்.

விலகச் சொன்னதை அடுப்பில் போட்டுவிடு. அடுத்த புத்தாண்டுக்கு நான் வருகிறேன்.

கையைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டுமாம். நீ பின்னிய கையுறையைப் போட்டுத்தான் இருக்கிறேன். யாரும் இல்லாதபோது மட்டும் கழற்றிவிடுகிறேன். உள்ளங்கை குளிர்ந்தால் நீ வந்து நிற்பது போல் இருக்கிறது.

உன் பாவ்கென்