தையல் மெஷினின் இரண்டு திருகுகள்

மார்ச் 4

இன்று தைத்த சட்டையில் இரண்டு கையும் இடக்கை. பிரித்துத் தைத்தேன். ஐம்பத்தொரு வயதில் கல்யாணம் நிச்சயமானால் இப்படித்தான் போலிருக்கிறது.

பதினாறாம் தேதி பதிவுக் கல்யாணம். மெஷின் வராமல் நான் வரமாட்டேன் என்று அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் வீடோ மூன்றாம் மாடி, குறுகல் படி. மெஷினை மேஜையிலிருந்து கழற்றினால்தான் ஏறும். அடியில் இரண்டே திருகு. என்ன பெரிய வேலை!

மார்ச் 7

என்ன பெரிய வேலையா! ஒன்று கழன்றது. மற்றதில் இருபத்தாறு வருஷத் துரு. பஸ் ஓட்டுகிற கை என்று அவர் சட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்க்ரூடிரைவர் சின்னது. வழுக்கி வழுக்கி, திருகின் தலையில் இருந்த வெட்டையே மழுங்கடித்துவிட்டார். அப்புறம் ஒரு முழி முழித்தார் பாருங்கள் — நான் வாயில் துணியை வைத்து அமுக்கிக்கொண்டேன்.

என் மகன் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். செல்போன் ரிப்பேர் செய்கிறவன்; திருகுதான் பிழைப்பு. ஆனாலும் ஒரு வார்த்தை இல்லை. கல்யாணச் சேதி சொன்ன நாளிலிருந்தே இப்படித்தான். கேட்டுவிடலாமா? மாட்டேன். கேட்டு வாங்கினால் அது சம்மதமா?

மார்ச் 8

எண்ணெய் விட்டேன். அசையவில்லை.

மார்ச் 9

எண்ணெய். தட்டல். திட்டல். அசையவில்லை. எனக்கானால் பாட்டாக வருகிறது. பைத்தியம்தான்.

மார்ச் 11

அவர் பெரிய சுத்தியலோடு வந்து ஓங்கினார். மகன் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டான்.

"விடுங்க. இது உடைஞ்சா அம்மா உங்க வீட்டுக்கு வரவே மாட்டாங்க."

அப்படியென்றால்... நான் போகணும்னுதானே சொல்றான்? ஐயோ, சரியாத்தான் கேட்டேனா?

ரம்பத் தகடு ஒன்றைத் துணி சுற்றிப் பிடித்து, மழுங்கின தலையில் புதிதாக ஒரு வெட்டுப் போட்டான். அகலமான ஸ்க்ரூடிரைவரைப் பொருத்தினான். அவரை அமுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் திருப்பினான். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொள்ளாத குறை. கிறீச்சென்று ஒரு சத்தம். கழன்றது! இரண்டு பேர் மூக்கிலும் எண்ணெய்க் கரி.

மார்ச் 16

பதிவு அலுவலகம். ஒரு சாட்சி அவருடைய அக்கா. இன்னொரு சாட்சி யார் என்று எழுத்தர் கேட்டதும், நான் வாய் திறக்கும் முன்பே மகன் முன்னால் போய் நின்றான்.

எழுத்தர் நிமிராமலே, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றார்.

"பொண்ணோட பையன்."

எழுத்தர் நிமிர்ந்தார். அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.