நீங்கள் சொன்ன ஆமென்

ஜூன் 4

அன்புள்ள கணவருக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் குட்டியும் சுகம். நீங்கள் புது ஊர் போய்ச் சேர்ந்து, சூப்பர்வைசர் சட்டை போட்டுக்கொண்ட கதையெல்லாம் போனில் கேட்டாயிற்று. நான் கேட்க நினைத்ததை மட்டும் கேட்க முடியவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே உங்கள் பக்கம் லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் காகிதம். பதிலும் காகிதத்தில்தான் வர வேண்டும்.

குட்டி நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். இடது காது இனிமேல் கேட்காது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவளானால், "அந்தப் பக்கம் கடை மூடியாச்சும்மா, இந்தப் பக்கம் வா" என்கிறாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதேன்.

மூளைக்காய்ச்சலோடு அவள் கிடந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி மாடிப்படியில் நாம் இருவரும் முழங்காலில் நின்றோமே, நினைவிருக்கிறதா? பிள்ளையைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே, அந்த அடுக்குமாடி வாட்ச்மேன் எப்படிச் செத்தார் என்ற உண்மையை அவர் மனைவியிடம் நாங்களே போய்ச் சொல்லிவிடுகிறோம் என்று நான் பொருத்தனை செய்தேன். நீங்கள் ஆமென் என்றீர்கள். மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்றோடு நாற்பத்தெட்டு நாள். நாம் எப்போது போகிறோம்?

உங்கள் அன்பு மனைவி

*

ஜூன் 11

டீச்சரம்மாவுக்கு,

கேள்வித்தாள் கிடைத்தது. இங்கே ஒரே அறையில் நாலு பேர் இருக்கிறோம், எல்லாரும் கம்பெனி ஆட்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து வாட்ச்மேனைப் பற்றிப் பேச முடியுமா? லைனைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

குட்டியின் காது விஷயம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளுக்கு வலது பக்கமாக ஒரு முத்தம் கொடு.

ஆமென் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு ஜெபத்தில் நான் பாதித் தூக்கத்தில் ஆமென் போடுகிறவன் என்று நீயே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய்! அன்றைக்கும் அப்படித்தான். மூன்று நாளாகக் கண் மூடவில்லை. நீ ஜெபத்தை நிறுத்தினாய், என் வாய் பழக்கத்தில் ஆமென் என்றது. அதைப் போய்ப் பத்திரத்தில் போட்ட கையெழுத்து மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்காதே.

இங்குள்ள போதகரிடம் ஒன்றும் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "ஆண்டவர்கிட்ட பேரம் பேசக் கூடாது தம்பி, அவர் ஒண்ணும் வியாபாரி இல்ல" என்றார். மனசுக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. நீயும் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இங்கே வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், பள்ளி விடுமுறையில் இருவரும் வந்துவிடுங்கள்.

உன் மெக்கானிக்

*

ஜூன் 17

அன்புள்ள கணவருக்கு,

அந்தப் போதகர் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருக்க மாட்டார். மீதியையும் எழுதுங்கள்.

பாதித் தூக்கத்தில் சொன்ன ஆமென் என்கிறீர்கள். படியிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே என்னிடம் என்ன கேட்டீர்கள் தெரியுமா? "நாங்களேன்னா, நானும் வரணுமா?" என்றீர்கள். நான் தலையாட்டினேன். "சரி, பிள்ள பொழைக்கட்டும்" என்றீர்கள். தூங்குகிறவர் இப்படியா கேட்பார்?

அந்த அம்மா இப்போதெல்லாம் ஆலயத்தில் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருகிறார். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே போய்விட்டார். குடித்துவிட்டு லிஃப்ட் குழியில் விழுந்தவர் மனைவி என்று பெண்கள் குசுகுசுப்பது அவர் காதில் விழாமலா இருக்கும்? போன வாரம் அவர் மகள் பாட்டுக் குழுவிலிருந்து நின்றுவிட்டாள். நான் அவர்களுக்கு மூன்று பெஞ்சு முன்னால் உட்கார்ந்து பாடுகிறேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

எனக்கும் நீங்கள் அன்றைக்கு அரைகுறையாகத்தான் சொன்னீர்கள். நடந்ததை ஒரு முறையாவது முழுசாக எழுதுங்கள். என்னிடமே சொல்ல முடியாததை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்லப் போகிறீர்கள்?

உங்கள் மனைவி

*

ஜூன் 25

டீச்சரம்மா,

சரி, எழுதுகிறேன். இதோடு என்னை விட்டுவிடு.

நாலாம் மாடியில் லிஃப்ட் கதவின் பூட்டு கெட்டிருந்தது. கதவு மூடிப் பூட்டினால்தான் லிஃப்ட் நகரும், அதுதான் பாதுகாப்பு. இது மூடினாலும் மூடவில்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது, லிஃப்ட் ஓயாமல் நின்றது. புதுப் பூட்டு வரப் பத்து நாளாகும் என்றார்கள். குடியிருக்கிறவர்கள் என்னைப் பிடித்துத் திட்டினார்கள். ஒரு துண்டு வயரை வைத்துப் பூட்டு வேலை செய்வதாகக் காட்டிவிட்டேன். அதற்குப் பிறகு கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் போகும். அவசரத்துக்கு எங்கள் ஆட்கள் செய்கிற வேலைதான். கதவில் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்க வேண்டும், நான் மாட்டவில்லை.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் யாருக்கோ ஒரு பழைய அலமாரியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து, திறந்து கிடந்த அந்தக் கதவுக்குள் கால் வைத்தார். லிஃப்ட் ஏழாம் மாடியில் இருந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடியது நான்தான். போலீஸ் வருவதற்குள் வயரைக் கழற்றிவிட்டேன். சாராய வாடை வந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னது மேனேஜர், எழுதிக் கொடுத்தது நான். அவர் குடித்திருக்கவில்லை. அரை மணி நேரம் முன்னால்தான் என்னோடு டீ சாப்பிட்டார். மகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பில் இடம் கிடைத்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

போதகர் மீதியும் சொன்னார்தான். "பேசாம இருந்திருக்கணும். பேசிட்டா செஞ்சுதான் தீரணும், அவர மறதிக்காரர்னு நெனச்சிடாதீங்க" என்றார். போதுமா?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஆண்டவர் பிள்ளையை முழுசாகவா கொடுத்தார்? ஒரு காதை எடுத்துக்கொண்டுதானே கொடுத்தார்? அவர் பாதி கொடுத்தால் நான் பாதி செய்தால் போதாதா? அந்த மகளுக்கு நம் கம்பெனியிலேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைக்கிறேன். நம்மால் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

படித்ததும் எரித்துவிடு.

உன் மெக்கானிக்

*

ஜூலை 2

அன்புள்ளவரே,

உங்கள் கடிதத்தை உட்கார்ந்து படிக்க முடியவில்லை, நின்றுகொண்டே படித்தேன். பாதி என்று எழுத எப்படிக் கை வந்தது உங்களுக்கு? குட்டியின் காதைத் தராசில் வைத்துவிட்டீர்களே! அவள் இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நேர்ந்துவிட்டுச் செய்யாமல் விடுவதைவிட நேராமலே இருப்பது மேல் என்று வேதம் சொல்கிறது. எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் இந்த விஷயத்தில் நமக்கு அந்த வழிகூட இல்லை. நேர்ந்துகொள்ளாமல் இருந்திருந்தாலும் இதை நாம் செய்துதான் ஆக வேண்டும். அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய உண்மையை எடுத்து நம் பிள்ளைக்கு விலையாக நீட்டினேன் பாருங்கள், முதல் தப்பு அது. அது என் தப்பு, உங்கள் தலையில் கட்டவில்லை.

சொன்னதைச் செய்யாவிட்டால் ஆண்டவர் பிள்ளையை எடுத்துக்கொள்வாரோ என்று முதலில் பயந்தேன். அவளுக்குத் தும்மல் வந்தாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். இப்போது அந்தப் பயம் போய்விட்டது, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. என் பயம் நம்மைப் பற்றித்தான். இப்படியே விட்டால் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆண்டவரை ஏமாற்றி வாங்கிய பிள்ளை என்று தோன்றும் எனக்கு. அப்புறம் அவளை எப்படி வளர்ப்பேன்?

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா வீட்டுக்குப் போகிறேன். வந்துவிடுங்கள். தண்டனை என்றால் கூடவே நிற்பேன், எத்தனை வருஷமானாலும் காத்திருப்பேன். இதை நான் ஆண்டவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஆனாலும் மாற மாட்டேன்.

உங்கள் மனைவி

*

ஜூலை 12

உன் கடிதம் வந்தது.

நான் வரப்போவதில்லை. வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன், பிள்ளை அப்பன் இல்லாமல் நிற்பாள். செத்தவர் எழுந்து வரப்போகிறாரா? நீ போய்ச் சொன்னால் நான் இல்லை என்பேன். பிள்ளைக்கு வந்த காய்ச்சலில் தாய்க்குப் புத்தி பிசகிவிட்டது என்பேன். கம்பெனியும் அதையேதான் சொல்லும். யாரை நம்புவார்கள் என்று நீயே யோசி.

கடிதத்தை எரித்தாயா இல்லையா? அதை மட்டும் எழுது.

நான்

*

ஜூலை 21

குட்டியின் அப்பாவுக்கு,

எரிக்கவில்லை.

நேற்று ஆராதனை முடிந்து வாசலில் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். உங்களைக் காணவில்லை. குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போனேன்.

ஒற்றை அறை. தையல் மெஷின் மேலிருந்த துணியை ஒதுக்கி எனக்கு நாற்காலி போட்டார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் அழவில்லை. "நாலு மாசமா ஒரே கோயில்ல உக்காந்து ஜெபம் பண்ணினோமே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அதற்கு மேல் என்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

உங்கள் ஜூன் 25 கடிதத்தை நீட்டினேன். "எனக்கு எழுத்து தெரியாதும்மா, நீங்களே படிங்க" என்றார். டீச்சரம்மா என்று தொடங்கி எல்லாவற்றையும் படித்தேன். குட்டியின் காதைப் பற்றி எழுதியிருந்ததையும் விடவில்லை. அவர் குடித்திருக்கவில்லை என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். "இருங்க, அத இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார். "இங்க வாடி, அப்பா குடிக்கலயாம், வந்து கேளு." அவளுக்காக மறுபடியும் படித்தேன். அந்தப் பெண் கையிலிருந்த ஈரத் துணியோடு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நாளைக்கு மூவரும் போலீஸ் ஸ்டேஷன் போகிறோம். நீங்கள் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம், உங்கள் கையெழுத்து என்ன சொல்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆண்டவரிடம் சொன்னதைச் செய்துவிட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா கடிதத்தை என் முன்னால் விரித்தார். "குடிக்கலன்னு இதுல எந்த எடத்துல எழுதியிருக்கு? காட்டுங்க" என்றார். அவர் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தேன். விரலை அவர் எடுக்கவே இல்லை. கடிதத்தைத் திரும்பக் கேட்காமல் வந்துவிட்டேன்.

குட்டியின் அம்மா