உவமை இல்லாத விண்ணப்பம்

மார்ச் 4, செவ்வாய்

உதவித்தொகை அலுவலகத்தின் பதில் வந்துவிட்டது. மறுத்திருக்கிறார்கள். "விண்ணப்பதாரர் பொதுவாக நலமாக உள்ளார், அன்றாடத் தேவைகளில் இடர்ப்பாடு எதையும் தெரிவிக்கவில்லை." அச்சகத்தில் பிழை திருத்தியே ஆயுளைக் கழித்தவன் நான். அந்த வரிகளில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. செய்திதான் பிழை.

மூட்டுவாதம் என் காலைப் பொழுதுகளை எடுத்துக்கொண்டுவிட்டது. விரல்கள் விரிவதில்லை, முழங்கால்கள் நிமிர்வதில்லை. என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி அமர்த்திக் குளிப்பாட்டிப் பொத்தான் இடுபவள் என் மனைவி. அவளுக்கும் எழுபது கடந்துவிட்டது. இத்தொகை வந்தால் காலை வேளைக்கு ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

"பரிசோதிக்க வந்த டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு," என்றாள் அவள். "அவன் அருளால நலமா இருக்கேன்னு கையக் கூப்பப் பாத்தீங்க. கை வரல, வாய் வந்துச்சு. அவரு வாயத்தான் எழுதிக்கிட்டாரு."

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவன் தந்த உடம்பை அந்நியர் ஒருவரிடம் பழிப்பதா?

மார்ச் 5, புதன்

மூட்டெல்லாம் கனல். ஒரு வரிக்கு மேல் ஆகாது.

மார்ச் 17, திங்கள்

மருந்துக்கடைக்காரர் சொன்னதன் பேரில், அரசு மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கும் சமூகப்பணியாளரைப் பார்த்துவந்தோம். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துவிட்டு அதை மேசையெங்கும் தேடுகிற அம்மையார். மறுப்புக் கடிதத்தைப் படித்தார், முகம் மாறவில்லை.

"பெரியவங்கள்ல பாதிப் பேரு நல்லா இருக்கேன்னு சொல்லியே தோத்துடறாங்க ஐயா. பரவால்ல, மறுபரிசீலனை கேக்கலாம். நான் கூட இருக்கேன்."

அந்தக் கடைசி மூன்று சொற்களில் என் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிற்று.

கண் விழித்தது முதல் மதிய உணவு வரை நடப்பதை எழுதிவரச் சொன்னார். "எப்பவோ வர்ற நல்ல நாள எழுதாதீங்க. அடிக்கடி வர்ற மோசமான நாள எழுதுங்க."

மார்ச் 20, வியாழன்

எழுதி முடித்தேன். சொற்கள் தாமே வந்து பணிந்து நின்றன. நெடுநாளாயிற்று இப்படி எழுதி.

மார்ச் 24, திங்கள்

அம்மையார் உரக்கப் படித்தார். "புலர்காலைப் பொழுதில் அடியேன் கரங்கள் கூம்பிய தாமரை மொட்டெனக் குவிந்து..." நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது சாமிக்கா, ஆபீசுக்கா?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன்? விண்ணப்பம் என்னும் சொல்லை இதுவரை ஒரு சந்நிதியில்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

தாமரையை அடித்துவிட்டார். "விரல் விரியாது. டம்ளர் பிடிக்க வராது. அவ்வளவுதான்." எத்தனையோ பேருடைய வரிகளை அடித்தவன் நான், அடிபடுவது எப்படியிருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

"பொத்தான் யார் போடுறாங்க?"

"நானே போட்டுக்கொள்கிறேன்."

"எப்போ?" என்றாள் மனைவி.

மதியத்துக்குமேல் சில நாள் பேனா பிடிக்க முடிகிறதே, முடியாது என்றால் பொய்யாகாதா என்று கேட்டேன். "காலைல முடியாது, மத்தியானம் கொஞ்சம் முடியும். ரெண்டும் உண்மைதானே? ரெண்டையும் எழுதுங்க," என்றார். அதைக் கேட்டு மனம் ஆறியது.

பிறகு என் மனைவியிடம் திரும்பினார். "எப்படித் தூக்கறீங்க, காட்டுங்கம்மா."

அவள் எழுந்து என் பின்னால் வந்தாள். இடக்கை என் அக்குளில் நுழைந்தது. வலக்கை தோளுயரம் வரை வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் ஏறவில்லை.

"கை எவ்வளவு நாளா இப்படி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா?"

ஒரே வீடு, ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில் — எனக்குத் தெரியவில்லை. தெரியலயா, பாக்கலயா? வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன், ஏன் எங்கிட்ட சொல்லலன்னு.

"சொன்னா, நாளையிலேருந்து எழுந்திருக்கவே மாட்டேன்னு படுத்துப்பீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?"

மார்ச் 25, செவ்வாய்

நலம், நலம் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். அந்த நலத்தை இவள் தோள் அல்லவா சுமந்திருக்கிறது.

அடியார்கள் தம் பிணியைப் பெயர் சொல்லி அழுதிருக்கிறார்கள். இறைவனிடமே வழக்காடியிருக்கிறார்கள். அப்பாடல்களைப் பண் பிசகாமல் ஓதினேன். காது கொடுத்துக் கேட்கவில்லை போலும். பழிப்பது வேறு. உள்ளதைச் சொல்வது வேறு.

ஏப்ரல் 9, புதன்

மறுபரிசீலனை. மூன்று நாற்காலியும் ஒரு மின்விசிறியும் உள்ள சிறிய அறை; கூட வந்த அம்மையார் சுவரோரம் நின்றுகொண்டார். அதிகாரிக்கு ஜலதோஷம், மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எப்படி இருக்கீங்க பெரியவரே?"

பழைய சொல் நாக்கின் நுனிவரை வந்தது. மனைவியைப் பார்த்தேன். கூட்டலும் குறைத்தலும் இன்றிச் சொன்னேன்:

"காலைல எழுந்திருக்க முடியல தம்பி. இவ தூக்கணும். இவளுக்கும் தோள் போயிடுச்சு. இனிமே தூக்க முடியாது."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். மேசைமேல் இருந்த தாளை எடுக்கச் சொன்னார். எடுக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

வெளியே வந்ததும் அம்மையார், "ஒரு உவமகூட இல்ல. பாஸ் ஐயா," என்றார்.

மே 6, செவ்வாய்

வழங்கிவிட்டார்கள். அவளிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிங்க என்றாள். படித்தேன்.

மே 19, திங்கள்

உதவியாளர் வந்தார். உயரமான மனிதர்; நிலைப்படியில் குனிந்துதான் நுழைகிறார். என்னைத் தூக்குகையில் சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறார். சுருதி சேரவில்லை, பிடி உறுதியாக இருக்கிறது.

இவள் குளியலறை வாசலில் நின்றுகொண்டு வெந்நீர், துண்டு, முதுகு என்று உத்தரவிட்டபடி இருந்தாள்.

"அம்மா, நீங்க போய் உக்காருங்க," என்றார் அவர்.

எங்கே உட்காருவதென்று தெரியாமல் கூடத்தின் நடுவில் சற்று நேரம் நின்றாளாம். சாப்பிடும்போது அவளே சொல்லிச் சிரித்தாள்.

ஜூன் 7, சனி

தோளுக்கு மருந்து தடவிக்கொண்டு, நேற்று முன்தினம் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். என்னை விட்டுவிட்டு அவள் வெளியில் தங்கிப் பல ஆண்டுகள் ஆயின. காலையில் உதவியாளர் தலை வாரிவிட்டார். வகிட்டை எனக்குப் பழக்கமில்லாத பக்கத்தில் எடுத்துவிட்டார். கண்ணாடியில் யாரோ போல் இருந்தது. இருக்கட்டும் என்றேன்.

பதினொரு மணிவாக்கில் தொலைபேசியில் அழைத்து, எப்போது வருகிறாய் என்று கேட்டேன். அவள் குரலில் இன்னும் தூக்கம்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமா? இப்பத்தான் எழுந்தேன்."

இரு, என்றேன்.