குழாய் டாக்டர் வேடம்

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனையின் மூன்றாவது லிஃப்ட் மறுபடி பல்லை இளித்துவிட்டது. கதவு மூடும், திறக்கும், மூடும், திறக்கும். உள்ளே ஒரு நோயாளி, இரண்டு உறவுக்காரர்கள், ஒரு சக்கர நாற்காலி. கடைசியில் பார்த்தால் கதவுத் தடத்தில் காலி மாத்திரை அட்டை ஒன்று சிக்கியிருக்கிறது. கம்பியால் நெம்பி எடுத்தேன், சரியாகிவிட்டது. ‘இவ்வளவுதானா?’ என்பதுபோல அந்த உறவுக்காரர் பார்த்தார். பெரிதாக ஏதாவது பழுது இருந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

கருவிப்பெட்டியை மூடும்போது என் மனைவி இரத்த வங்கியிலிருந்து கையில் தாள்களோடு இறங்கி வந்தாள். இரத்த வங்கியில் வகை பார்க்கும் வேலை இவளுடையது. நாடகம் எழுதுவது வியாதி.

“ஏங்க, உங்களுக்கு ஒரு வேஷம் வச்சிருக்கேன்.”

இதயப் பிரிவு தொடங்கி இருபத்தைந்து வருஷமாம். மனிதன் இதயத்தையும் இரத்தத்தையும் எப்படித் தெரிந்துகொண்டான் என்று ஒரு மணி நேர நாடகம் போடச் சொல்லியிருக்கிறார் அங்கே இருக்கும் டாக்டரம்மா.

“கதாநாயகனா?”

“ஊரே பைத்தியம்னு நினைச்ச ஒரு டாக்டர்.”

ஒத்திகை இல்லாமலே நடிக்கலாம் என்றேன். முறைத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் முதல் வாசிப்பு. எங்கள் நாடகக் குழு என்பது இவள், நான், இவள் தம்பி — பஸ் ஓட்டுகிறவன், ஹாரனே தேவைப்படாத தொண்டை. மைக் இல்லாத மேடைக்கு மச்சானைவிட்டால் ஆள் கிடையாது.

அவனுக்குப் பழைய காலத்துப் பெரிய வைத்தியர் வேடம். இரத்தம் கல்லீரலில் ஊறுகிறது, வயலுக்குப் பாயும் தண்ணீர்போல உடம்பெங்கும் பாய்ந்து அங்கங்கே தீர்ந்துபோகிறது, அப்புறம் சாப்பாட்டிலிருந்து மறுபடி புதிதாக ஊறுகிறது. இதுதான் அவர் சொன்னது. ஆயிரத்து நானூறு வருஷம் பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாம் அதையே ஒப்பித்திருக்கிறார்கள்.

“இத்தனை வருஷமா எவனும் கேள்வி கேக்கலையாக்கா?” என்றான் மச்சான்.

“நடுவுல ஒருத்தர் கேட்டார். இரத்தம் நுரையீரல் வழியா சுத்திட்டு வருதுன்னு எழுதியும் வச்சார். யாரும் பெருசா கண்டுக்கலை.”

“என் பஸ்ஸு அஞ்சு நிமிஷம் லேட்டானா அம்பது பேர் கேக்கறான்.”

இரண்டாவது காட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். இதயம் ஒரு தடவை துடித்தால் இவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது. அப்படியானால் அரை மணி நேரத்தில்? உடம்பில் இருக்கும் மொத்த இரத்தத்தையும் தாண்டிவிடுகிறது. அத்தனையையும் ஒரு கல்லீரல் எப்படி ஊறவைக்கும்? முடியாது. ஆக, அதே இரத்தம்தான் போய்விட்டுத் திரும்பி வருகிறது.

“லிஃப்ட் மாதிரி. மேல போன பெட்டிதானே கீழ வருது. ஒவ்வொரு ஆளுக்கும் புதுப் பெட்டியா செஞ்சு அனுப்பறோம்?” என்றேன் சும்மா.

இவள் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டாள். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்ன ஒன்றை இவள் எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை. இன்று பூராவும் காற்றில் மிதந்தேன்.

மார்ச் 13, வியாழன்

என் காட்சியை மனப்பாடம் செய்கிறேன். ஆள் சாதாரண ஆளில்லை. படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர். கை நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை தள்ளலாம், உயிர் போகாது என்கிறார். பெரிய டாக்டர் ‘கூடவே கூடாது’ என்கிறார். கருவி அலமாரிச் சாவி நர்ஸிடம். நர்ஸ், ‘என் உடம்பிலேயே செய்து பாருங்கள்’ என்று மேஜையில் படுக்கிறாள். அவளைக் கட்டிப்போட்டு, அவள் கைக்கு மருந்து தடவுவதுபோல் பாவனை காட்டிவிட்டு, குழாயைத் தன் கையில் ஏற்றிக்கொள்கிறார் மனுஷன். பிறகு குழாய் தொங்கும் கையோடு படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடக்கிறார். படத்தில் குழாயின் முனை இதயத்துக்குள்.

உண்மையாக நடந்ததுதான், புத்தகத்தில் இருக்கிறது என்கிறாள். நர்ஸ் வேடம் இவளுக்கு.

ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற எனக்கு இந்த வேடம்.

மார்ச் 15, சனி

எந்திர அறைக்குப் போகும் இரும்புப் படியில் நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. கொஞ்சம் நின்றேன், விட்டுவிட்டது. காஸ்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும். காஸ்தான். சோடா குடித்தேன்.

மார்ச் 22, சனி

மருத்துவமனை அரங்கத்தில் ஒத்திகை. டாக்டரம்மாவும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். படியிறங்குவதைக் காட்ட நான் மேடையை மூன்று சுற்று சுற்றிவர வேண்டும். மச்சானோ, “ஓடுங்க மாமா, அப்பதான் விறுவிறுப்பா இருக்கும்” என்றான். ஓடினேன். மூன்றாவது சுற்றில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வசனம் வரவில்லை. வேர்த்துக் கொட்டியது.

மச்சான் கைதட்டினான். “மாமா, என்னா நடிப்பு. நிஜமாவே நெஞ்சுல குழாய் போன மாதிரி இருந்துச்சு.”

இவள் கைதட்டவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையிலிருந்து துளைத்து எடுக்கிறாள். எத்தனை நாளா? எங்க வலிக்குது? கைக்கு இறங்குதா?

காஸ் என்றேன்.

“பார்த்தீங்களா உள்ள போய்?”

“எனக்குத் தெரியாதா என் உடம்பு?”

“அந்தக் கல்லீரல்காரரும் இப்படித்தாங்க சொன்னார்.”

கோபம் வந்து வெளியே போய்விட்டேன். பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். என்னத்த சொல்றது இவகிட்ட? அண்ணனும் காஸுன்னுதான் சொன்னான். இப்ப எனக்கு இருக்கற வயசுதான் அப்ப அவனுக்கு. டீ குடிச்சிட்டிருந்தவன் டம்ளரைக் கீழ வைக்கறதுக்குள்ள போயிட்டான். அண்ணி அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்தவங்க, அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரிப் படியும் மிதிக்கல. பரிசோதனை பண்ணா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்காத வரைக்கும் அது இல்லைதானே — இல்லையா?

இல்லை. எழுதிப் பார்க்கும்போதே அசட்டுத்தனமாக இருக்கிறது. ஆனாலும் போகமாட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் மச்சான் வேறு மாதிரி சொல்லித் திரிவான். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

ஒத்திகையில் நான் இவளை மேஜையில் கட்டும் காட்சி. இரண்டு தடவை கட்டினேன், இரண்டு தடவையும் முடிச்சு அவிழ்ந்தது. “நீங்க படுங்க, எப்படிக் கட்டறதுன்னு காட்டறேன்” என்றாள். வெள்ளந்தியாகப் படுத்தேன். கையைக் கட்டினாள், காலைக் கட்டினாள். இரத்தப் பைகளை இருபது வருஷமாக முடிச்சுப் போட்ட கை. அசைய முடியவில்லை. அதற்குப் பிறகுதான் திரைக்குப் பின்னாலிருந்து மச்சான் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஈசிஜி இயந்திரம். பின்னாலேயே டாக்டரம்மா.

“இது நாடகத்துல இல்லையே” என்றேன்.

“புதுசா சேர்த்தது” என்றாள் இவள்.

“சட்டையைத் திறக்கலாமா சார்? உங்க சம்மதம் இல்லாம நான் தொடமாட்டேன்” என்றார் டாக்டரம்மா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது இவள் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். “அந்த டாக்டர் ஊருக்காக அவர் கையையே கிழிச்சார். நீங்க எனக்காக சும்மா படுத்திருந்தா போதும். உங்க அண்ணி மாதிரி என்னால வாசல்ல உக்கார முடியாதுங்க.”

இவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. மாமனார் போனபோதுகூட. கண்ணை மூடிக்கொண்டு, “திறங்க” என்றேன். அதற்குள் இவள் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள். ஒன்று மட்டும் அவிழவில்லை. கத்தரிக்கோல் வேண்டியிருந்தது.

ஈசிஜியில் டாக்டரம்மா இரண்டு இடத்தில் விரல் வைத்தார். நாளை ஓட்டப் பரிசோதனை.

மார்ச் 26, புதன்

ஓடும் பட்டையில் ஏறி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நிறுத்திவிட்டார்கள். இதயத்து இரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு இருக்கலாமாம். வெள்ளிக்கிழமை ஆஞ்சியோ. கை மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை தள்ளிப் பார்ப்பார்கள்.

“வசனம் எல்லாம் மனப்பாடமா இருக்குமே சார் உங்களுக்கு” என்றார் டாக்டரம்மா.

மார்ச் 27, வியாழன்

பயமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என்னை மூன்றாவது லிஃப்ட்டில்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். படுத்துக்கொண்டு லிஃப்ட்டின் கூரையைப் பார்ப்பது வேறு அனுபவம். விளக்குப் பலகையில் ஒரு திருகாணி இல்லை. தள்ளிக்கொண்டு வந்தவரிடம் சொன்னேன். “வந்து போடுங்க சார், எங்க போயிடப் போறீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு என்ன வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

மயக்கம் கொடுக்கவில்லை. மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பக்கத்தில்தான் திரை இருந்தது.

அதில் என் இதயம்.

சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. குழாய்முனை தெரிந்தது. மருந்து செலுத்தியதும் உள்ளே கதகதப்பு. திரையில் இலையில்லாத மரம்போல் கறுப்புக் கறுப்பாகக் கிளைகள் விரிந்து, துடித்து, மறைந்தன. எவ்வளவு மும்முரமாக வேலை பார்க்கிறது. ஐம்பத்து நான்கு வருஷமாக ஒருநாள் பராமரிப்புக்குக்கூட நிறுத்தாமல். எந்த லிஃப்ட்டையாவது அப்படி ஓட்டியிருந்தால் என் லைசென்ஸைப் பிடுங்கியிருப்பார்கள்.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மனுஷனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றிலும் ஆறு பேர். அவர் தனியாக நின்று, ‘இப்ப செத்தாலும் சரி’ என்று தள்ளியிருக்கிறார். இவ்வளவு செய்தவரை வேலையைவிட்டு அனுப்பினார்களாம். பெரிய பரிசு கிடைத்ததெல்லாம் எத்தனையோ வருஷம் கழித்து.

ஒரு கிளை பாதி வழியில் நூலாக மெலிந்திருந்தது. “இதுதான் சார் உங்க காஸ்” என்றார் டாக்டரம்மா. அங்கேயே ஸ்டென்ட் வைத்தார். அடுத்த தடவை மருந்து செலுத்தியபோது அந்தக் கிளை நுனிவரை நிறைந்தது.

வெளியே வந்தபோது இவள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை. உட்காரவே இல்லையாம், மச்சான் சொன்னான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டில் போர். என் வேடத்தைப் பிடுங்கிவிட்டாள். மேடையில் ஓடக்கூடாதாம். “நடக்கச் சொல்லியிருக்காங்களே” என்றேன். “படுக்கற வேஷம் ஒண்ணு இருக்கே” என்றாள்.

ஆக, இவள் டாக்டர். நான் நர்ஸ். மச்சான் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

ஏப்ரல் 26, சனி

நாடகம் முடிந்தது. அரங்கம் நிறைந்து படிகளிலும் ஆட்கள்.

மச்சான் கல்லீரலைப் பற்றி முழங்கியதில் முன் வரிசைக் குழந்தை ஒன்று அழுதுவிட்டது. லிஃப்ட் வசனத்துக்கு நல்ல கைதட்டல். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். இரத்த வகைக் காட்சியில் இவளுடைய வங்கி ஆட்களே ஏறி, யார் இரத்தம் யாரோடு சேராமல் திரிகிறது என்று கண்டுபிடித்த கதையை நடித்தார்கள். நிஜத்தில் பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்கு ஒரே வகை இரத்தம் என்று தெரிந்தது. கூட்டம் விசில் அடித்தது.

பிறகு என் காட்சி. மீசையோடு ஒரு நர்ஸ் மேஜையில் படுத்ததும் சிரிப்பு அடங்க நேரமானது. இவள் என்னைக் கட்டிவிட்டு, திரும்பிக்கொண்டு, தன் கையில் குழாயை ஏற்றினாள். அப்போது அரங்கத்தில் சத்தமே இல்லை. நான் கயிற்றை இழுத்து, “அவிழ்த்துவிடுங்க டாக்டர், என்ன செஞ்சிட்டீங்க” என்று கத்த வேண்டும். கத்தினேன். பாதியில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தார்கள், நடிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முடிந்து கூட்டம் கலையும்போது கடைசி வரிசையில் அண்ணியைப் பார்த்தேன். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இவள்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

“இந்த மீசையோட எங்கயும் நர்ஸு வேலை குடுக்க மாட்டாங்க” என்றார் அண்ணி. அதோடு போய்விட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன்.

மே 11, ஞாயிறு

காலையில் அண்ணி போன் செய்தார். அவராகச் செய்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

“பெரியவனைக் கூட்டிக்கிட்டு நேத்து உங்க டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வந்தேன்” என்றார்.

அண்ணனின் மூத்த மகன். முப்பத்திரண்டு வயசு. அண்ணன் ஜாடை, அண்ணன் நடை. நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“எல்லாம் பார்த்தாங்க. ஒண்ணும் இல்லையாம். கொழுப்பு கொஞ்சம் கூடவாம், மாத்திரை குடுத்திருக்காங்க, நடக்கச் சொல்லியிருக்காங்க.”

“நீங்க உள்ள போனீங்களா அண்ணி?”

“பின்ன? அவன் ஊசிக்கு பயந்து என் கையைப் புடிச்சுக்கிட்டான், தடிமாடு.”

பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. எதிர்வீட்டு நாய் இவர் செருப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கடிக்கிறதாம். பூட்டி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறதாம். வெகுநேரம் பேசினார். நான் உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவள் வந்து, யார் என்று கையால் கேட்டாள். போனை அவள் காதுக்கும் சேர்த்துப் பிடித்தேன்.